‘பிடிக்குது’ என்று எழுதக் கூடாது

போன மாதம் பட்டறையிலிருந்து ஒரு படம் வந்தது. நான் விட்டுவந்த இடத்தில் இப்போது வேலை பார்க்கும் இளைய மெக்கானிக்குகள் அனுப்பியிருந்தார்கள். படத்தில் இருந்தது லோரிப் பரிசோதனை அட்டை. டயர், விளக்கு, ஸ்டியரிங், கால் பிரேக் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு கட்டம். எக்ஸோஸ் பிரேக்குக்கு மட்டும் இரண்டு. ‘சூட்டில் மூடுகிறதா?’ ‘சூட்டில் திரும்பத் திறக்கிறதா?’ அதற்குக் கீழே, அச்சில் இல்லாமல் கையெழுத்தில், கோணலாக ஒரு வரி: ‘பிடிக்குது என்று எழுதக் கூடாது.’ நகலை நகல் எடுத்து அந்த வரி பாதி மங்கிவிட்டது.

“அக்கா, இத யாரு எழுதினது? ஏன் எழுதக் கூடாது? இங்க யாருக்கும் தெரியல” என்று கேட்டிருந்தார்கள்.

எழுதியது நான். காரணத்தைக் குரல் பதிவாக அனுப்பிவிடலாம் என்று தொடங்கி மூன்று முறை அழித்தேன். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் என் பக்கத்தை நான் கொஞ்சம் மெழுகிவிடுவது எனக்கே கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றித் தேவையான அளவு மட்டும். பாலிடெக்னிக்கில் டீசல் இயந்திரம் படித்தேன். இருபத்திரண்டு வயதில், பினாங்கின் டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த லோரிப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் வருடம் எண்ணெய் மாற்றினேன். இரண்டாம் வருடம் பிரேக் கழற்றி மாட்டினேன். மூன்றாம் வருடம் பரிசோதனை அட்டையில் கையெழுத்துப் போடும் உரிமை கிடைத்தது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு லோரி வாசலைத் தாண்டாது என்பது அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. வலது கையின் இரண்டு விரல்களில் வந்த கோளாறால் முப்பத்தாறாவது வயதில் அந்த வேலையை விட்டேன். மொத்தம் பதினான்கு வருடம். அதில் நான் சொல்லப்போவது ஒரு காலைப்பொழுதை.

பட்டறைத் தலைவர் ஹமீது. எல்லோருக்கும் அவர் ‘சீஃப்’. கிரீஸும் கரியும் நிறைந்த அந்த இடத்தில் தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். சாயங்காலம் வரை அதில் ஒரு பொட்டு விழாது. அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. யார் எதைச் சொன்னாலும் முதலில், “பார்த்தியா, கேட்டியா?” என்று கேட்பார். கண்ணால் பார்த்ததா, யாரோ சொல்லிக் காதில் விழுந்ததா என்று அர்த்தம். கேட்டது என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டாவது, அவர் கத்தவே மாட்டார். முற்றத்தில் லோரியை ஓட்டிப் பிரேக் சோதிக்கும்போது நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் பட்டறை வேனின் ஹாரனை அடிப்பார். இரண்டு நீளம், ஒரு குட்டை. ‘அங்கேயே நிறுத்து, இறங்கி வா.’ எங்களிடம் வரும் ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

எக்ஸோஸ் பிரேக் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. லோரியின் புகைக்குழாய்க்குள், டர்போவைத் தாண்டி, வட்டமான ஒரு தகடு இருக்கும். ஓட்டுநர் சுவிட்சைப் போட்டுவிட்டு வேகம் கூட்டும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால், காற்றுச் சிலிண்டர் ஒரு லீவரைத் தள்ளும். தகடு திரும்பிக் குழாயை அடைக்கும். புகை வெளியே போக முடியாமல் இயந்திரம் திணறும். அந்தத் திணறல் வண்டியைப் பின்னால் இழுக்கும். மிதியை மறுபடி தொட்டால் காற்று வெளியேறும், ஸ்பிரிங் தகட்டைத் திறந்துவிடும். பாரத்தோடு மலை இறங்குகிற லோரிக்கு இது உயிர். இது இல்லாவிட்டால் முழுப் பாரமும் கால் பிரேக்கின் மேல் விழும். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சூடாகிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் சூடாகிவிட்டால் மிதித்தாலும் நிற்காது.

அன்று காலை ஒன்பது மணிக்குச் செல்வராஜு அண்ணன் பச்சை லோரியைக் கொண்டுவந்தார். செங்கல் ஏற்றும் லோரி. ஐம்பதைத் தாண்டியவர், பாலிக் பூலாவுக்குப் போகும் மலைச்சாலையில் இருபது வருடம் ஓட்டியவர். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைத் தொடமாட்டார். மலை உச்சியில் மரத்தடியில் ஒரு சின்ன முனியாண்டி கோயில் இருக்கிறது. இறங்குவதற்கு முன் அங்கே லோரியை நிறுத்தி, ஒரு சுருட்டைப் பற்றவைத்து சாமிக்கு முன்னால் மணல் டின்னில் குத்தி வைத்துவிட்டுத்தான் இறங்குவார். அந்தப் பாதையில் ஓடும் தமிழ் ஓட்டுநர்களில் பலருக்கு அந்த வழக்கம் உண்டு.

“என்னா தங்கச்சி, வெள்ளச் சட்ட வந்தாச்சா? இல்ல, இன்னும் அயன் பண்ணிக்கிட்டு இருக்காரா?”

“மெதுவாண்ணே, உள்ளதான் இருக்காரு.”

மாதாந்திரப் பரிசோதனை. நான் கேபினுக்கு முன்னால் குனிந்திருந்தேன். அவர் மறுபக்கம், கதவருகே நின்றிருந்தார். முகம் தெரியவில்லை. பக்கத்தில் கம்ப்ரெஸர் இரைந்துகொண்டிருந்தது. அட்டையில் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

“எக்ஸோஸ் பிரேக் எப்படிண்ணே?”

“பிடிக்குது தங்கச்சி.”

“என்னாது?”

“பிடிக்குது லா! நல்லாவே பிடிக்குது!”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அடியில் போய் லீவரைக் கையால் தள்ளினேன், போனது. விட்டேன், திரும்பி வந்தது. சுவிட்சைப் போடச் சொன்னேன். காற்று சீறியது, லீவர் நகர்ந்தது. எங்கள் அட்டையில் ஓட்டுநர் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் முறை. அவர் சொன்ன தமிழை நான் ‘ஓகே’ என்று மொழிபெயர்த்தேன். “பார்த்தாச்சுண்ணே, சரியா இருக்கு” என்றேன். கையெழுத்துப் போட்டேன். அடியில் சீஃப் போட்டார். ஒன்பது நாற்பதுக்கு லோரி வெளியே போனது. ஜெலுத்தோங்கில் செங்கல் ஏற்றிக்கொண்டு நேராக மலைக்கு.

பத்தேகாலுக்கு, வேறொரு லோரிக்கு வர வேண்டிய உதிரிப் பாகம் பற்றிக் கேட்க சீஃப் அறைக்குப் போனேன். அவர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்து, பாதியில் நின்று, மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் இரு ஷாலினி. முதுகு பிடிக்குது.”

கேட்க வந்தது எனக்கு மறந்துபோனது.

பிரேக் பிடிக்கிறது என்றால் நன்றாக வேலை செய்கிறது. முதுகு பிடிக்கிறது என்றால் இறுகிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஒரே சொல். செல்வராஜு அண்ணன் இரண்டு முறை சொன்னார், கத்தியும் சொன்னார். ‘நல்லாவே பிடிக்குது’ என்று அவர் சொன்ன குரலை இப்போது திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அது பாராட்டுக் குரல் இல்லை. சலிப்பு.

சீஃபிடம் சொன்னேன். அவர் இன்னும் பாதி நிமிர்ந்தபடியே இருந்தார்.

“பார்த்தியா, கேட்டியா?”

“கேட்டேன். பார்க்கவும் பார்த்தேன் சீஃப். லீவர் போச்சு, வந்துச்சு.”

“வண்டி சூடா இருந்துச்சா?”

“இல்ல. காலையில முதல் வண்டி. ராத்திரி பூரா பக்கத்துத் தெருவுல நின்னது.”

“அப்ப பார்க்கல.”

அவ்வளவுதான் சொன்னார். நான் செல்வராஜு அண்ணனை அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கமாட்டார் என்று தெரியும். ஓட்டும்போது எடுக்காத மனிதர் என்று எத்தனையோ பேரிடம் அவரைப் பற்றி நானே மெச்சிப் பேசியிருக்கிறேன். சீஃப் அதற்குள் வேன் சாவியை எடுத்து, முதுகைக் கையால் தாங்கியபடி வாசலுக்குப் போய்விட்டார்.

அவர் ஓட்டினார். நான் மடியில் ஒரு தாளை வைத்து, வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினேன். பயம் வந்தால் எனக்கு எழுத வேண்டும். ஒன்று: தகடு சூட்டில் இறுகினால் ஏற்றத்தில் இயந்திரத்துக்கு மூச்சு முட்டும், இழுவை குறையும். இரண்டு: அவர் அனுபவசாலி, கண்டுபிடித்துவிடுவார். மூன்று: கண்டுபிடித்தால் சுவிட்சை அணைத்துவிடுவார். நான்கு என்று எழுதி நிறுத்தினேன். சுவிட்சை அணைத்தால் இறக்கம் முழுவதும் கால் பிரேக் மட்டும். வண்டி நிறையச் செங்கல்.

“நாலு என்னா?” என்றார் சீஃப், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இறங்கறது.”

ஆயர் ஈத்தாம் சந்தையருகே கார்கள் இரண்டு வரிசையாக நின்றன. லக்சா சாப்பிட வந்தவர்கள் சாலையிலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பேருந்து மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. இரண்டு சிவப்பு விளக்குகள். சீஃப் இரண்டிலும் நின்றார். பதினான்கு வருடத்தில் அவர் மேல் எனக்கு வெறுப்பு வந்தது அந்த இரண்டு விளக்குகளில் மட்டும்தான்.

“நாம விழுந்து கிடந்தா அவன யாரு நிறுத்துவா?” என்றார், நான் எதுவும் சொல்லாமலே.

மலைச்சாலை தொடங்கியதும் வளைவுக்கு வளைவு பச்சை நிறத்தைத் தேடினேன். மேலே ஏறும் லோரிகள் இரண்டைத் தாண்டினோம். எதுவும் அவருடையது இல்லை. நின்று போயிருந்தால் நல்லது என்று நினைத்தேன். ஓரமாக, புகை விட்டுக்கொண்டு, திட்டிக்கொண்டு நின்றிருக்கட்டும். உச்சியில் முனியாண்டி கோயிலின் சிவப்புத் தகரம் தெரிந்தது. முன்னால் லோரி இல்லை.

சீஃப் வேனை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார். மணல் டின்னில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. அரை விரல் அளவுதான் எரிந்திருந்தது. சாம்பல் இன்னும் உதிரவில்லை.

“இப்பத்தான்” என்றேன்.

இரண்டாவது வளைவில் வாடை வந்தது. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருகிய ரப்பரும் பல் வைத்தியர் அறையும் கலந்த மாதிரி இருக்கும். மூன்றாவது வளைவில் பச்சை லோரியின் பின்பக்கம் தெரிந்தது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணையும் என்று காத்திருந்தேன். எக்ஸோஸ் பிரேக் வேலை செய்தால் விளக்கு விட்டுவிட்டுத்தான் எரியும். நடுவே தொண்டை கட்டிய மாதிரி ஒரு உறுமல் கேட்கும். உறுமல் இல்லை. விளக்கும் அணையவில்லை. பின் சக்கரங்களிலிருந்து வெளுத்த புகை.

எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வந்தது. முந்திப் போக இடமில்லை.

சீஃப் ஹாரனை அடித்தார். இரண்டு நீளம், ஒரு குட்டை.

எதுவும் நடக்கவில்லை. மறுபடி அடித்தார். அதே அளவு, அதே இடைவெளி; பட்டறை முற்றத்தில் அடிப்பதைவிட ஒரு துளிகூட நீட்டவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் செல்வராஜு அண்ணனின் முகம் ஒரு கணம் தெரிந்தது. எங்கள் வேனைப் பார்த்துவிட்டார்.

இயந்திரம் அலறியது. ஒரு கியர் கீழே போட்டிருந்தார். பிறகு இன்னொன்று. லோரி குலுங்கியது, ஆனால் வேகம் மெல்லத்தான் குறைந்தது. இடது பக்கம் சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் குவியல் ஒன்று வந்தது. அதற்கு அப்பால் அடுத்த வளைவு. வளைவின் ஓரத்தில் ஜாதிக்காய் விற்கும் ஒரு கடை, கடை முன்னால் இரண்டு மூன்று பேர். லோரி இடதாக ஒதுங்கி, மணலில் முன் சக்கரத்தை ஏற்றி, ஹேண்ட் பிரேக் இழுக்கும் சத்தத்தோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

நான் ஓடிப்போய் முதலில் செய்தது சக்கரங்களுக்குக் கட்டை வைத்தது. அதற்குப் பிறகுதான் அவரைப் பார்த்தேன். இறங்கி நின்றிருந்தார். ஒரு கை இன்னும் கதவைப் பிடித்திருந்தது.

“நாளைக்கு முனியாண்டிக்கு பெட்டியோட வாங்கி வைக்கணும் தங்கச்சி. ஒரு சுருட்டுக்கு இவ்வளவுதான் குடுப்பாரு போல.”

புகையும் பின் சக்கரத்தைக் காட்டினேன்.

“கடைசி ரெண்டு வளைவு மிதிச்சேன், மிதிச்சேன், வேகமே குறையல” என்றார்.

“எக்ஸோஸ் போடலையாண்ணே?”

“எப்படிப் போடுறது? அதான் பிடிக்குதுன்னு காலையிலயே சொன்னேன்ல! நாலு நாளா இதான் தொல்ல. நீ பார்த்தாச்சு, சரியா இருக்குன்னே. சரி, செஞ்சு குடுத்தாச்சுன்னு நெனச்சு ஏறும்போது போட்டுப் பார்த்தேன். மறுபடியும் பிடிச்சிக்கிச்சு. மேல வர்றதுக்குள்ள வண்டி செத்துப் போச்சு. சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேன்.”

கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார், புகையும் சக்கரத்தில் ஊற்ற. சீஃப் கையை நீட்டித் தடுத்தார். பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். தானாக ஆற வேண்டும்.

பிரேக் ஆறும்வரை காத்திருக்காமல் நான் எக்ஸோஸ் பிரேக்கைப் பார்த்தேன். அது சூடாக இருக்கும்போது பார்ப்பதுதான் காலையில் நான் செய்யாத வேலை. சீஃப் கேபினில் உட்கார்ந்து இயந்திரத்தைப் பத்து நிமிடம் உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டார். பிறகு சுவிட்ச். லீவர் முழுவதும் போனது. சுவிட்சை அணைத்தார். லீவர் பாதி தூரம் திரும்பி வந்து நின்றது.

குற்றம் மூன்று இடத்தில் இருக்கலாம். காற்று வெளியேறாமல் வால்வில் மாட்டியிருக்கலாம். சிலிண்டர் தண்டு மாட்டியிருக்கலாம். தகட்டின் அச்சு மாட்டியிருக்கலாம். காற்றுக் குழாயைக் கழற்றினேன். சீற்றம் இல்லை, உள்ளே காற்று இல்லை. ஆக வால்வு இல்லை. சிலிண்டரையும் லீவரையும் இணைக்கும் பின்னை உருவினேன். சிலிண்டர் தண்டு சட்டென்று உள்ளே போய்விட்டது. லீவர் அசையவில்லை. அச்சுதான்.

விளக்கை அடித்துப் பார்த்தேன். அச்சு குழாய்க்குள் நுழையும் இடத்தில் கறுப்பாக, பளபளப்பாக, அடிபிடித்த பாகு மாதிரி ஒரு வளையம். எண்ணெயோ கிரீஸோ சூட்டில் வெந்து கெட்டியானால் அப்படித்தான் ஆகும். ஆறியிருக்கும்போது வழிவிடும், சூடேறி அச்சு விரிந்ததும் கவ்விக்கொள்ளும். யாரோ அங்கே கிரீஸ் வைத்திருக்கிறார்கள். எந்த முட்டாள் என்று நினைத்தபடி விளக்கைத் திருப்பினேன். சூடு எட்டாத தாங்கியின் ஓரத்தில் வேகாத கிரீஸ் ஒரு கீற்று மிச்சமிருந்தது. நீல நிறம்.

நீல கிரீஸ் பினாங்கில் வேறு எங்கும் பயன்பட்டதா, தெரியாது. எங்கள் பட்டறையில் பயன்பட்டது. பச்சை லோரிக்குக் கடைசி மூன்று சர்வீஸும் நான் செய்தவை. எப்போது என்றுகூட நினைவு வந்தது. லீவர் காய்ந்து கீச்சிட்டது. கிரீஸ் துப்பாக்கி கையிலேயே இருந்தது. ஓர் அழுத்து அழுத்தினேன். நல்லதுதானே என்று.

லோரிக்கு அடியில் படுத்தபடியே அந்தக் கீற்றை விரலில் வழித்து எடுத்தேன்.

“என்னா பார்த்தே?” என்று சீஃபின் காலணிகள் கேட்டன.

“நீல கிரீஸ் சீஃப். நான் வச்சது.”

காலணிகள் நகரவில்லை. “சரி. வெளிய வா. இப்ப என்னா பண்ணலாம், அத சொல்லு.”

லீவரைத் திறந்த நிலையில் கம்பி போட்டுக் கட்டினேன், இயந்திரத்துக்கு மூச்சு விட. ஆனால் அதோடு எக்ஸோஸ் பிரேக் இல்லை என்றாகிவிட்டது. செல்வராஜு அண்ணனின் கைப்பேசி ஓயாமல் அடித்தது. செங்கல் வராமல் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“ஆறிடுச்சு தங்கச்சி. ஃபர்ஸ்ட் கியர்ல பூனை மாதிரி இறங்கிடுறேன் லா. இன்னும் கொஞ்ச தூரம்தான்.”

“இல்லண்ணே.”

“நான் இருவது வருஷமா…”

“தெரியும். இந்தப் பாரத்தோட நீங்க இறங்கக் கூடாது.”

அவர் சீஃபைப் பார்த்தார். காலையில் அத்தனை பெரிய தப்பைச் செய்த நான் இப்போது தடுக்கிறேன். சீஃப் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் கிளம்பிவிடுவார். சீஃப் முதுகைத் தேய்த்துக்கொண்டு, “ஷாலினி பார்த்துச் சொல்லுது செல்வராஜு” என்றார். செங்கல் இரண்டு சிறிய லோரிகளில் மாறிப் போனது. பச்சை லோரியை மாலையில் இழுத்து வந்தோம்.

மறுநாள் லோரி கம்பெனியின் மேனேஜர் வந்தார். பின் பிரேக் முழுவதும் கருகிவிட்டது, இரண்டு சக்கரத்துக்கும் புதிதாகப் போட வேண்டும். அவர் கையில் எங்கள் அட்டையின் நகல் இருந்தது.

“உங்க கார்டுல எக்ஸோஸ் ஓகேன்னு இருக்கு. அப்ப என்னா அர்த்தம்? டிரைவர் அத போடாம, காலையே வச்சு அழுத்திக்கிட்டு வந்திருக்கான். வயசாச்சு லா அந்த ஆளுக்கு. இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்தி லெட்டர் குடுத்துடுறேன்.”

அந்த இரண்டெழுத்து ‘ஓகே’ இப்போது செல்வராஜு அண்ணன் தலைமேல் நின்றது. அதை எடுக்கக்கூடிய ஆள் அந்த அறையில் நான் மட்டும்தான். சீஃபுக்கு எல்லாம் தெரியும். மேசை மேலிருந்த மூல அட்டையை என் பக்கம் நகர்த்தி, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அதன்மேல் வைத்தார்.

நான் எழுதினேன். ஒன்று: ஓட்டுநர் கோளாறை இரண்டு முறை சொன்னார், நான் தவறாகப் புரிந்துகொண்டேன். இரண்டு: எக்ஸோஸ் பிரேக்கை ஆறிய நிலையில் மட்டும் சோதித்தேன். மூன்று: அச்சில் இறுகியிருந்தது முந்தைய சர்வீஸில் நான் வைத்த கிரீஸ். மூன்றாவது வரி எழுதும்போது கை நின்றது. மேனேஜருக்கு முதல் இரண்டே போதும். செல்வராஜு அண்ணன் தப்பித்துவிடுவார். மூன்றாவதை எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சீஃப் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அட்டையை வாங்கி, தேதியைச் சரிபார்த்து, என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார்.

“நேத்து பார்க்காம போட்டேன்” என்றார் மேனேஜரிடம். “இன்னைக்குப் பார்த்துப் போட்டிருக்கேன்.”

கடிதம் போகவில்லை. எனக்கு ஆறு மாதம் தனியாகக் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. இன்னொருவர் சேர்ந்து போட வேண்டும். அது சரியான தண்டனை. செல்வராஜு அண்ணன் அடுத்த வாரம் வந்து, “ஏன் தங்கச்சி உன் பேரக் கெடுத்துக்கிட்டே? நானும் ஒழுங்கா வாயத் தொறந்து சொல்லல” என்றார். அன்றைக்குத்தான், இரண்டு கட்டம் போட்ட புது அட்டையில், அந்த வரியை எழுதினேன். அவர் எதிரேயே எழுதினேன். ‘பிடிக்குதுன்னு’ என்று எழுதப்போனபோது அவர்தான், “நல்ல தமிழ்ல எழுது, ஆபீஸ் பேப்பர்” என்று திருத்தினார்.

இப்போது கேட்டவர்களுக்கு, வேலைக்கு வேண்டியது. எக்ஸோஸ் பிரேக்கை இருபது நிமிடம் ஓடிவந்த வண்டியில் மட்டும் பாருங்கள். லீவர் மூடப் போகும் வேகத்தைப் பார்ப்பது பாதி வேலை; திரும்பி வரும் வேகம்தான் மீதி. சட்டென்று வந்து தட்டும் சத்தம் கேட்க வேண்டும். தயங்கினால் பின்னை உருவிச் சிலிண்டரையும் அச்சையும் தனித்தனியாகப் பாருங்கள். இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். கழற்றி, கரி கரைக்கும் திரவத்தில் ஊறவிட்டு, பித்தளைத் தூரிகையால் தேயுங்கள். அச்சுக்கு எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டவே வேண்டாம். சூடு தாங்கும் உலர்ந்த கிராஃபைட் மட்டும். ஓட்டுநரிடம் தினமும் ஒரு முறையாவது போட்டு அணைக்கச் சொல்லுங்கள். சும்மா கிடந்தாலும் அது இறுகும். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். மொழிபெயர்க்காதீர்கள். ‘பிடிக்குது’ என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு, மூடுகிறதா, திறக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். பிறகு, எதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து இன்னொரு முறை கேளுங்கள்.

என் கடைசி நாளன்று செல்வராஜு அண்ணன் வந்திருந்தார். அவரும் ஓட்டுவதை விட்டு வருடமாகியிருந்தது. கருவிப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

“கை எப்படி இருக்கு தங்கச்சி?”

“பிடிக்குதுண்ணே” என்றேன், யோசிக்காமல்.

“எந்தப் பிடிக்குது?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் வலது கையின் இரண்டு விரல்களை என் முன்னால் நீட்டினார். “வாயால சொல்லாத. பிடி பார்ப்போம்.”

பிடித்தேன். இறுக்கமாகவே பிடித்தேன், அதில் குறை இல்லை.

“இப்ப விடு.”

விட்டேன். மூன்று விரல்கள் உடனே விரிந்தன. மற்ற இரண்டும் அவர் விரலைச் சுற்றியபடியே நின்றன. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவை ஒவ்வொன்றாக, சொடுக்கியபடி திறந்தன.

“மூடுது” என்றார் செல்வராஜு அண்ணன். “திரும்பி வரத்தான் நேரமாகுது. அப்படியே எழுதிக்க.”